புதுவைச் சம்பா கோவில்: இடிபாடுகள் புகட்டும் பாடம்

பொதட்டூர்பேட்டை நெசவாளர் வாழும் ஊர். பொழுது புலர்வதற்கு முன்னரே தறிச் சத்தம் எழுந்துவிடும். தெற்கே திருத்தணிகை மலையும், வடக்கே சிறிது தொலைவில் ஆந்திர நாட்டு எல்லையும் அமைந்த இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தது என்பதைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். இங்குக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மிகச் சில. ஆடிக் கிருத்திகையன்று காவடிகள் சாரிசாரியாகத் திருத்தணி மலைக்குப் புறப்படும்போது வழியில் நின்று தண்ணீர் வழங்குவதில் நம் பிள்ளைகளும் பங்குகொள்வர். கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் வீட்டுக் குடில்களைக் காண அண்டை அயலார் திரண்டு வருவர். இவ்வாறு கலந்து வாழும் மக்களே எங்கள் திருப்பயணத்திலும் கலந்துகொண்டனர் என்பதை முன்னுரையாகக் கூறி, புதுவை சென்று வந்த வரலாற்றை வாசகர்களுக்கு வரைகின்றேன்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரியின் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தைக் காட்ட வேண்டுமென்பது எனது நெடுநாள் விருப்பம். வாடகைப் பேருந்து ஒன்றை அமர்த்தினோம். பெற்றோரும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் புறப்பட்டோம். அவர்களுள் ஒருவர் மட்டும் நம் சமயத்தவர் அல்லர். எங்கள் கோவிலுக்கு எதிர் வீட்டில் வாழும் முதிய நெசவாளர் அவர். முருக பக்தர். எழுபது வயதைக் கடந்தும் ஆண்டுதோறும் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி வருபவர். தம் பேத்தி நம் பிள்ளைகளோடு பள்ளியில் பயில்வதால் அவளையும் அழைத்துக்கொண்டு, "நானும் கடலைப் பார்த்து நாளாயிற்று சாமி, ஒரு இடம் கொடுங்கள்" என்று கேட்டு ஏறிக்கொண்டார்.

போர்கள் நடந்த பாதை

அரக்கோணம், காஞ்சிபுரம், வந்தவாசி, திண்டிவனம் என்று எங்கள் வழி அமைந்தது. இது யாத்திரை வழி மட்டுமன்று. இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் படைகள் நடந்த வழியுமாகும். பிள்ளைகளுக்குச் சலிப்பு ஏற்படாதிருக்க அவ்வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள சோளிங்கபுரத்தில் 1781-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் மைசூர் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலக் கும்பெனிப் படையும் மோதின. அதற்கு முந்திய ஆண்டில் காஞ்சிக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கும்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. வந்தவாசியை நெருங்கியபோது, 1760 ஜனவரி 22-ஆம் நாள் அங்கு நிகழ்ந்த போரைக் கூறினேன். பிரெஞ்சுத் தளபதி லாலி அப்போரில் தோல்வியுற்றான். வென்றவன் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி. இருபத்தோர் ஆண்டுகள் கழிந்து சோளிங்கபுரத்தில் ஹைதரை எதிர்த்துப் போரிட்டவனும் இவனே. எங்கள் வட்டாரத்து மண்ணை மிதித்த அதே மனிதன் புதுவையையும் தரைமட்டமாக்கிய படைக்குத் தலைவனாயிருந்தான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

வந்தவாசிக்குப் பின்னர் பிரெஞ்சுக்காரரின் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1760-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதுவை முற்றுகைக்குள்ளாயிற்று. தானியம் குறைந்தது. நவம்பர் இறுதியில், கோட்டைக்குள் எஞ்சியிருந்த நம் நாட்டு மக்கள் ஏறத்தாழ 1,400 பேரை லாலி ஊரைவிட்டு வெளியேற்றினான். ஆண், பெண், குழந்தை எவரையும் அவன் விடவில்லை. எதிரே இருந்த ஆங்கிலப் படையோ அவர்களுக்கு வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவேயிருந்த வெளியில் பல நாட்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று அவர்கள் உயிர் தாங்கினர் என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியரே எழுதிவைத்துள்ளார். பின்னர்தான் வழி திறக்கப்பட்டது. அரசர்களின் போரில் அடிபடுவோர் யார் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. 1761 புத்தாண்டு பிறந்த இரவில் வீசிய பெரும் புயல் ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தது. ஆயினும் முற்றுகை தளரவில்லை. ஜனவரி 16-ஆம் நாள் நகரம் சரணடைந்தது. 1758-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் இடித்ததற்குப் பழிவாங்கும் வகையில், ஆங்கிலேயர் புதுவையின் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளினர். அந்த இடிபாட்டில் நம் ஆலயமும் வீழ்ந்தது.

நான்கு முறை எழுந்த ஆலயம்

காலைத் திருப்பலி நேரத்திற்குப் பேராலயத்தை அடைந்தோம். மிஷன் வீதியில், அன்னையின் திருவுருவம் முன்னே நிற்க, கீழடுக்கிலும் மேலடுக்கிலும் இரட்டைத் தூண்கள் அணிவகுத்த முகப்போடு அவ்வாலயம் எழுந்து நிற்பதைக் கண்டதும் பிள்ளைகள் தாமாகவே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். புதுவை மக்கள் இதனைச் 'சம்பா கோவில்' என்றே வழங்குவர். சேசு சபையார் புனித பவுலின் பெயரால் இங்கு எழுப்பிய ஆலயத்தின் பெயர் மக்கள் நாவில் திரிந்து சம்பா ஆயிற்று.

இவ்வாலயத்தின் வரலாறு முழுவதும் போர்களின் வரலாறாகவே உள்ளது. 1692-இல் சேசு சபையார் முதல் ஆலயத்தை எழுப்பினர். மறு ஆண்டே டச்சுக்காரர் புதுவையைக் கைப்பற்றியபோது அது அழிந்தது. அடுத்து எழுந்தது இரண்டாம் ஆலயம். 1728 முதல் 1736 வரை உழைத்துப் பெரியதொரு மூன்றாம் ஆலயத்தைக் கட்டினர். அதுவே 1761-இல் இடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டு 1765-இல் புதுவை மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1770-இல் பழைய இடிபாடுகளின்மேல் நான்காம் ஆலயப் பணி தொடங்கிற்று. இடையில் 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. புதுவை மறைப்பணி பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1778-இல் மீண்டும் ஒரு முற்றுகை. இத்தனையையும் தாண்டி 1791 ஜூன் 20-ஆம் நாள் ஆயர் ஷாம்பனுவா இன்று நாம் காணும் ஆலயத்தை அர்ச்சித்தார்.

திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தின் நிழலில் பிள்ளைகளை அமர்த்தி இதனையெல்லாம் கூறினேன். "எத்தனை முறை இடித்தாலும் விசுவாசம் இடியாது பார்த்தீர்களா?" என்று முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினர். எனக்கும் மனநிறைவாயிருந்தது.

ஒரு கேள்வி

நாங்கள் திருப்பலியில் இருந்தபோது எங்கள் எதிர்வீட்டு முதியவர் பேத்தியை எங்களோடு விட்டுவிட்டு, ஈசுவரன் கோவில் தெருவிலுள்ள வேதபுரீசுவரர் கோவிலுக்குச் சென்று வழிபட்டு வந்திருந்தார். நெற்றியில் திருநீறு துலங்க, பிள்ளைகளுக்குப் பின்னே நின்று நான் கூறியவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்தபின் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சாமி, தப்பாக நினைக்கக் கூடாது. கோவில் வாசலில் பூ விற்கிறவர் ஒன்று சொன்னார். அந்த ஈசுவரன் முதலில் இங்கேதான், இந்த மாதா கோவிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தாராம். சண்டைக் காலத்தில் இடித்துவிட்டார்களாம். மெய்தானா?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. ஆனால் பிள்ளைகள் அனைவரும் என் முகத்தை நோக்கினர். அவருடைய பேத்தியும் நோக்கினாள்.

வாசகர்களே, உண்மையை ஒளிக்காமல் எழுதுகிறேன். "அதெல்லாம் பழங்கதை ஐயா, கடற்கரைக்குப் போவோம்" என்று சொல்லத்தான் முதலில் என் நா எழுந்தது. குருமடத்தில் பயின்ற நாட்களிலேயே அவ்வரலாற்றை நான் படித்திருந்தேன். படித்திருந்தும், சற்று முன்னர் நம் ஆலயம் இடிந்த கதையை மூன்று முறை சொன்ன நான், அண்டை ஆலயம் இடிந்ததை ஒரு முறையும் சொல்லவில்லை. பொய் கூறவில்லை; மெய்யில் பாதியை விழுங்கினேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருடைய பாதி மெய்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, என் பாதி மெய் அன்று அம்முதியவர் வாயிலாகக் காட்டப்பட்டது.

"மெய்தான் ஐயா. அமருங்கள், சொல்கிறேன்" என்றேன்.

1748 செப்டம்பர்

ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் பெயரை வாசகர்கள் கேள்வியுற்றிருப்பர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் தம் வாழ்வின் இறுதிவரை நாட்குறிப்பு எழுதியவர். புதுவை வீழ்ந்த அதே 1761 ஜனவரியில்தான் அவரும் மறைந்தார். தமிழில் எழுதப்பட்ட அந்நாட்குறிப்பு இல்லையேல் அக்காலப் புதுவையைக் குறித்து நாம் அறியக்கூடியது மிகச் சிறிதே.

அந்நாட்களில் வேதபுரீசுவரர் கோவில் சேசு சபையாரின் பவுல் ஆலயத்தை ஒட்டி நின்றது. அதனை அகற்ற வேண்டுமென்று பல ஆண்டுகளாகவே துறவிகள் ஆளுநர்களை வற்புறுத்திவந்தனர். அத்தகைய முயற்சி தலைதூக்கியபோதெல்லாம் ஊர் மக்கள் ஒன்றுகூடி, ஊரைவிட்டே வெளியேறுவோம் என்றனர். நெசவாளரும் வணிகரும் வெளியேறினால் கும்பெனியின் துணி வாணிகம் நின்றுவிடும். ஆகவே ஆளுநர்கள் பின்வாங்கினர். இதை நான் சொன்னபோது எங்கள் முதியவரின் முகத்தில் ஒரு சிறு முறுவல் தோன்றிற்று. தறியின் வலிமையை அறிந்தவர் அல்லவா!

1748-இல் நிலைமை மாறிற்று. ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாஸ்கவென் பெரும்படையுடன் வந்து புதுவையை முற்றுகையிட்டான். ஊர் முழுவதும் அச்சம் சூழ்ந்திருந்தது. மக்கள் பலர் சிதறிப் போயிருந்தனர். கூடி எதிர்ப்பதற்கு வழியில்லை. நெடுநாள் நிறைவேறாத எண்ணம் அந்தப் போர்க்கால இருளில் நிறைவேறிற்று. செப்டம்பர் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் கடப்பாரைகளோடு அனுப்பப்பட்டு, வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. ஆளுநரின் துணைவியார் இதற்குத் தூண்டுகோலாயிருந்தார் என்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் துணிபு. துறவிகளும் நம் கிறிஸ்தவர் சிலரும் அவ்விடிப்பில் கலந்துகொண்டதையும், வழிபாட்டுக்குரிய திருவுருவங்கள் இழிவுபடுத்தப்பட்டதையும் அவர் வேதனையோடு குறித்துள்ளார். எடுத்துச் செல்லக்கூடியவற்றை மட்டும் கோவிலார் வேறு கோவிலுக்குக் கொண்டுசென்றனர்.

அந்நாட்குறிப்பில் குறிப்பிடப்படும் துறவிகளுள் ஒருவர் கேர்தூ அடிகள். இவர் சாதாரண மனிதர் அல்லர். தெலுங்கும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தவர். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டி 1767-இல் பிரான்சு நாட்டு அறிஞர்களுக்கு எழுதியவர். மொழிகளுக்கிடையே உடன்பிறப்பைக் கண்ட கண், அண்டை வீட்டு மனிதனின் உள்ளத்தை அன்று காணாமற்போயிற்றே என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. கல்வியும் துறவும்கூட மனிதனைத் தாமாகவே காப்பதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 8 என்ன நாள்? அன்னை மரியாளின் பிறப்பு விழா நாள்! நாம் வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடந்து செல்லும் அதே நாள். அன்னையின் பிறந்த நாளன்று, ஒரு முற்றுகைக்கு நடுவே, பிறருடைய இறைவனின் இல்லத்தின்மேல் கடப்பாரை விழுந்தது.

முற்றுகை என்னவாயிற்று? நோயினாலும் மழைக்காலத்தினாலும் தளர்ந்து, அக்டோபரில் பாஸ்கவென் திரும்பிப் போனான். இடித்தவர்கள் வென்றதாக அன்று எண்ணியிருக்கக்கூடும். பன்னிரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கடந்தன. வேறொரு முற்றுகை வந்தது. அப்போது பவுல் ஆலயம் இடிந்தது.

"சாமி தண்டித்துவிட்டாரா ஃபாதர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான்.

"இல்லை தம்பி. அப்படி எளிதாகக் கணக்கு முடிக்காதே. ஆங்கிலேயன் பழிவாங்கினான், அவனுக்கு முன் பிரெஞ்சுக்காரன் இடித்தான். இடிப்பது ஆண்டவரின் தொழில் அன்று. அது மனிதன் தானாகக் கற்றுக்கொண்ட தொழில். யாருடைய கோவில் என்று போர் பார்ப்பதில்லை. ஆனால் போரைச் சாக்காக வைத்து யாருடைய கோவிலை இடிக்கலாம் என்று மனிதன் பார்க்கிறான். அதுதான் பாவம்" என்றேன்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இடித்தவர்களும் போனார்கள், இடிக்கச் சொன்னவர்களும் போனார்கள். ஈசுவரன் வேறு தெருவுக்குப் போனார், மாதா இங்கேயே இருக்கிறார். நடுவில் நாம்தான் இருக்கிறோம்" என்றார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, மாதாவைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று ஆலயத்தினுள்ளே நுழைந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துச் சென்றார்.

அன்று மாலை கடற்கரைக்குச் செல்லுமுன் நாங்கள் ஈசுவரன் கோவில் தெரு வழியாக நடந்தோம். கோவில் வாயிலுக்கு எதிரே சற்று நின்றோம். எவரும் எதுவும் சொல்லவில்லை. பூக்காரர் எங்கள் முதியவரை அடையாளம் கண்டு சிரித்தார். பிள்ளைகளுள் சிலர் கைகூப்பினர். நானும் கூப்பினேன்.

திரும்பும் வழியில்

இரவில் பேருந்து திண்டிவனத்தைத் தாண்டியபோது, எங்கள் மக்களுள் பொறுப்புள்ள ஒருவர் என்னருகே வந்து அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசினார். "ஃபாதர், பிள்ளைகள் முன்னிலையில் இதைச் சொல்லியிருக்கத்தான் வேண்டுமா? நாம் ஊரில் ஒரு பிடி மக்கள். நாளை யாராவது இதையே எடுத்துக்கொண்டு நம்மை நோக்கி விரல் நீட்டினால்?"

அவருடைய அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சிறுபான்மையாய் வாழ்வோரின் அச்சம் வெறும் கற்பனையன்று. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் சிலர் செய்த தவற்றுக்கு இன்று ஒரு நெசவாளர் ஊரிலுள்ள ஏழைக் கிறிஸ்தவக் குடும்பம் விலை கொடுக்க வேண்டுமென்றால், அதுவும் அநீதியே. பழைய இடிபாட்டுக்குப் புதிய இடிபாடு மருந்தாகாது. இதனை அவருக்குக் கூறினேன். ஆயினும் இதனையும் கூறினேன்: நாம் மறைத்தால் வரலாறு மறைந்துவிடாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அச்சாகிப் பல தலைமுறைகள் ஆயின. பூ விற்பவருக்கும் அது தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதனை ஒருநாள் பகைவர் வாயிலிருந்து கேட்டுத் திகைப்பதைவிட, இன்று நம் வாயிலிருந்து துக்கத்தோடு கேட்பது நன்று. நம் குற்றத்தை நாமே சொல்லும்போது அது ஒப்புரவுக்கு வாசலாகிறது. பிறர் சொல்லும்போது சண்டைக்கு வாசலாகிறது.

திருச்சபையும் இவ்வழியையே நமக்குக் காட்டியுள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், பிற சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று உலகறியச் சாற்றியது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், தவக்கால முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உரோமையில் திருச்சபை மக்களின் கடந்தகாலப் பாவங்களுக்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். உண்மையின் பெயரால் இழைக்கப்பட்ட வன்முறைகளும் அவற்றுள் அடங்கும். பேதுருவின் வழித்தோன்றலே முழந்தாளிடக் கூசாதபோது, ஒரு சிற்றூர்க் குரு கூசலாமா? காணிக்கை செலுத்த வருபவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுற்றால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாக வேண்டுமென்று ஆண்டவர் கற்பித்தார். நமக்கு அவன்மேல் மனத்தாங்கல் உண்டா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் கூறியவற்றை அவர் முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை. "யோசிக்கிறேன் ஃபாதர்" என்று மட்டும் சொல்லி எழுந்து சென்றார். அதுவே போதுமென்று நினைத்தேன். முன் இருக்கையில் எங்கள் முதியவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளில் சாய்ந்து நம் பங்குச் சிறுவன் ஒருவனும், அவன் மடியில் தலைவைத்து அவர் பேத்தியும் உறங்கினர்.

குடும்பத்தோடு புதுவை செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பா கோவிலில் மனமுருகி செபியுங்கள். அதனை எழுப்பியவர்களின் உழைப்பையும், இடிபாட்டின்மேல் மீண்டும் கல் அடுக்கியவர்களின் விசுவாசத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னர் அவர்களைக் கைப்பிடித்து ஈசுவரன் கோவில் தெரு வரையிலும் அழைத்துச் சென்று, மறு பாதியையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட பிள்ளை பிறருடைய ஆலயத்தின்மேல் கல்லெறியவும் மாட்டான். தன் ஆலயத்தைக் குறித்து வெட்கப்படவும் மாட்டான்.

மறுநாள் விடியற்காலையில் திருப்பலிக்கு மணியடிக்க எழுந்தேன். எதிர் வீட்டில் தறிச் சத்தம் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது.